வடக்குப் பன்னிரண்டில் அமராவதி இல்லை

ஆரோக்கியசெல்வியின் வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. மரக்காணம் உப்பளத்தில், எங்கள் கம்பெனி ஆபீசில் அவள் டெலிபோன் ஆபரேட்டர். நான் சுப்ராயன், அதே கம்பெனியில் ஜீப் டிரைவர். ஆபீஸ் வாசலில் கால் வைத்ததும் முதலில் கேட்பது அவள் குரல்தான், ஆள் பிறகுதான் கண்ணில் படுவாள். லாரி வரவில்லையென்றால் லாரிக்காரனுக்குத் திட்டு. சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்துவிட்டால் அதற்கும் திட்டு. எனக்கு விழும் திட்டுக்குக் காரணம் என்று ஒன்று தேவையே இல்லை. அப்படிப்பட்டவள் 2006 மே மாதத்தில் ஒரு மத்தியானம், ரிசீவரைக் காதில் வைத்தபடியே வாயடைத்துப் போனாள். மறுமுனையில் இருந்தவன் நான்.

செல்வி அனுமந்தைக்காரி. அவள் அப்பா கஸ்பார் எங்கள் கம்பெனியிலேயே லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றியவர். பன்னிரண்டாவது முடித்த கையோடு, பங்குச் சாமியாரின் சிபாரிசில் இங்கே வந்து ஆபரேட்டர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நல்ல குரல், நல்ல பொண்ணு, கொஞ்சம் கோவம் வரும்" என்று சாமியார் அன்றைய மேனேஜரிடம் சொன்னாராம். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்பதில் சாமியாருக்கு ஏதோ குழப்பம் இருந்திருக்க வேண்டும். கல்யாணமாகி ஒரு பையன். வீட்டுக்காரர் மரக்காணம் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அதிகம் பேசமாட்டார். பேச நினைத்திருப்பார், வாய்ப்புக் கிடைத்திருக்காது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவள் திட்டுகிற ஆட்களுக்காகத்தான் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உப்பளத்தில் கோடை மழையைப் போல ஒரு எதிரி கிடையாது. பாத்தியிலிருந்து வாரி அம்பாரம் போட்ட உப்பு ஒரு நல்ல மழைக்குத் தாங்காது. கரைந்து மறுபடியும் தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும். அதனால் மேகம் கறுத்த உடனே, பாத்திகளுக்கு நடுவே இருக்கிற எல்லாக் கொட்டாய்ப் போனுக்கும் ஒரே நேரத்தில் மணி அடிப்பாள். அதற்கு மழை மணி என்று பேர். மணி கேட்டதும் பாத்தியில் நிற்பவர்கள் எல்லாம் ஓடிப்போய்க் கீற்றை எடுத்து அம்பாரத்தை மூடுவார்கள். காற்றில் மழை வாசனை வருகிறதா என்று பார்க்க செல்வி அடிக்கடி வாசலுக்கு வந்து நிற்பாள். பொய் மணி ஒரு தடவைகூட அடித்ததில்லை என்பது அவளுக்குப் பெரிய பெருமை.

அந்தக் காலத்துப் போன்கள் கறுப்பு நிறத்தில் கனமாக இருக்கும். ஒவ்வொரு கொட்டாயின் கம்பத்திலும் ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். வடக்குப் பன்னிரண்டு என்றால் வடக்கில் பன்னிரண்டாவது கொட்டாய், அதன் போன், அதற்குப் போகிற கம்பி, எல்லாம் ஒன்றுதான். யார் எடுத்துப் பேசினாலும் இடம் மாறாது. எனக்கும் அது வசதி. செல்வி நம்பரைச் சொல்வாள், நான் வண்டியை விடுவேன்.

உப்புக் காத்துக்கு முன்னால் எந்த இரும்பு நின்றிருக்கிறது? முதலில் கம்பிகளைத் தின்றது. பிறகு 2005 கோடையில் ஆபீசில் இருந்த எக்ஸ்சேஞ்சு பெட்டியையும் தின்று முடித்தது. மெக்கானிக் மூடியைத் திறந்தபோது உள்ளே எல்லாம் பச்சை பூத்திருந்தது. எந்த நம்பருக்கு எந்த மணி அடிக்க வேண்டும், மழை மணி யார் யாருக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பெட்டியின் வயிற்றுக்குள்தான் இருந்தது. அது செத்ததும் எல்லாம் அதோடு போய்விட்டது. அந்த வாரமே ஒரு மழை வந்தது. மணி அடிக்க வழியில்லாமல் நான் ஜீப் ஹாரனை அழுத்திக்கொண்டு வரப்பு வரப்பாக ஓடினேன். பாதி அம்பாரம் கரைந்துபோனது. செல்வி அன்றைக்கு என்னைத் திட்டவில்லை, வாசலில் நின்று அழுதாள்.

அதற்குப் பிறகுதான் புதுச்சேரியிலிருந்து பிரிட்டோ வந்தான். கம்ப்யூட்டரை வைத்தே எக்ஸ்சேஞ்சு போட்டுத் தருகிற ஒரு சின்னக் கம்பெனியில் இன்ஜினியர். கம்பியே வேண்டாம் என்று சொல்லி, கொட்டாய்க்குக் கொட்டாய் ஒரு ஆன்டெனாவும் ஒரு பேட்டரியும் வைத்தான். போன் லேசான பிளாஸ்டிக் பொருள். பின்னால் ஒரு ஒயரைச் செருகினால் பேசும், பிடுங்கினால் பேசாது. அதெல்லாம்கூட செல்விக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவளைத் தூக்கிவாரிப் போட்டது அவன் சொன்ன இன்னொரு விஷயம்.

"இந்த மெஷின்ல ஒரு நம்பர்கூட இருக்காதுக்கா" என்றான்.

"அப்புறம் எதுக்குப்பா இது? அழகு பாக்கவா?"

"எல்லா விவரமும் வெளியில தனியா ஒரு டேட்டாபேஸ்ல இருக்கும். கால் வந்தா இந்த மெஷின் அதுகிட்டப் போய்க் கேக்கும், இது யாரு, என்ன பண்ணணும்னு. அது சொல்றத வச்சி இது மணி அடிக்கும். நாளைக்கு இந்த மெஷின் உப்புல செத்தாலும் ஒண்ணும் போவாது. வேற மெஷின் வச்சா அது பாட்டுக்குப் போய்க் கேட்டுக்கும்."

"அந்த டேட்டாபேஸ் எங்க இருக்கும்?"

"மேனேஜர் ரூம்ல. அங்கதான் ஏசி இருக்குது. உப்புக் காத்து வராது."

செல்வி அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இருவது வருசமா இங்க குப்பை கொட்டறேன். எனக்கு டேபிள் ஃபேன். பேருங்களுக்கு ஏசியா?" என்றாள்.

ஆனால் பெயர்களைப் போட வைத்ததே அவள்தான். பிரிட்டோ வடக்கு ஒன்று, வடக்கு இரண்டு என்று போடத்தான் வந்திருந்தான். "நம்பரை வச்சி நான் என்ன பண்றது? நான் பேசறது ஆளுங்களோட. யார் கூப்பிடறாங்கன்னு எனக்குத் தெரியணும். பேரையும் போடு, கொட்டாயையும் போடு" என்று பிடிவாதம் பிடித்தாள். ஒவ்வொரு கொட்டாயையும் பார்த்துக்கொள்பவர் ஒருவர் உண்டு. முக்கால்வாசி பெண்கள். அவர்களை எல்லாம் ஆபீசுக்கு வரவழைத்து, அவரவர் போனைக் கையில் கொடுத்து, பெயரை ஏற்றினான் பிரிட்டோ. போனை எடுத்து அழுத்தினால் செல்வியின் திரையில் பெயரும் கொட்டாயும் தமிழில் வந்து நிற்கும். பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். திருவிழாக் கூட்டமாகிவிட்டது ஆபீஸ்.

அதில் ஒருத்தி அமராவதி. பெருமுக்கல் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் புதுச்சேரியில் கட்டட வேலைக்குப் போனால் எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. அப்போது அவளுக்கு வடக்குப் பன்னிரண்டு. தன் பெயர் திரையில் வந்ததும் எல்லாரும் சிரித்தார்கள், அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"இந்தப் போனு என் பேர்லயா இருக்குது?" என்று கேட்டாள்.

"ஒன் பேர்லதான்" என்றாள் செல்வி.

"என் வீட்டுக்காரர் பேரு வேணாமா?"

"அந்தாளு எங்க உப்பு வார்றாரு? பாத்தில நிக்கிறது நீ. ஒன் பேர்லதான் இருக்கும்."

அந்த நேரம் பார்த்து பிரிட்டோ வித்தை காட்ட ஆரம்பித்தான். டேட்டாபேசில் மாற்றினால் அந்த நொடியே மாறும், எதையும் அணைத்துப் போடத் தேவையில்லை என்று விளக்கிக்கொண்டே அமராவதியின் வரியை அழித்தான். அவள் கையில் இருந்த போன் சட்டென்று செத்துப்போனது. கொர் என்ற சத்தம்கூட இல்லை. அவள் முகம் வெளிறிவிட்டது. "என்னை அழிச்சிட்டாரா?" என்று செல்வியின் முந்தானையைப் பிடித்தாள். அவன் சிரித்துக்கொண்டே மறுபடி எழுதினான், போனுக்கு உயிர் வந்தது. செல்வி அவன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். "வெளையாடறதுக்கு வேற ஒண்ணும் கிடைக்கலயா ஒனக்கு?" என்றாள். போகும்போது அமராவதி திரும்பி நின்று, "அழிச்சிடாதீங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வருஷம் சீசன் முடிகிற வரைக்கும் எல்லாம் பிரமாதமாக நடந்தது. மழை மணி அடித்தால் எல்லாப் போனும் ஒரே நேரத்தில் அடித்தது. எடுத்தவர்கள் எல்லாருக்கும் செல்வியின் குரலும் மற்றவர்கள் பேசுவதும் கேட்டது. பிறகு ஐப்பசி மழை வந்தது, பாத்தியெல்லாம் ஏரியானது, வேலை நின்றது. பொங்கல் கழித்து உப்பளம் மறுபடி திறந்தபோது வழக்கம்போல் குலுக்கல் போட்டார்கள்.

எங்கள் உப்பளத்தில் நல்ல பாத்தியும் உண்டு, சேற்றுப் பாத்தியும் உண்டு. ஒருத்தரே காலமெல்லாம் சேற்றில் கிடக்கக் கூடாது என்பதற்காக வருஷத்துக்கு ஒரு தடவை குலுக்கிப் போட்டு யாருக்கு எது என்று பிரிப்பார்கள். அதற்குப் பிறகும் சும்மா இருக்கமாட்டார்கள். அக்கா தங்கச்சி பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டுமென்று மாற்றிக்கொள்வார்கள். எட்டாம் நம்பர் ஆகாது என்று ஒருத்தி அழுவாள், இன்னொருத்தி இரக்கப்பட்டு மாற்றிக் கொடுப்பாள். எல்லாம் முடிந்ததும் அவரவர் பலகை, கூடை, தண்ணீர்க் குடம், அடுப்பு என்று தலையில் தூக்கிக்கொண்டு புதுக் கொட்டாய்க்குக் குடிபோவார்கள். இந்த ஊர்வலத்தை நான் ஜீப்பில் உட்கார்ந்து வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். அந்த வருஷமும் பார்த்தேன். குடத்துக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கென்ன தெரியும்?

மே மாதம் அந்த மத்தியானம் வெயில் கண்ணைக் குத்தியது. உப்பளத்தில் அந்த நேரத்தில் நிமிர்ந்து பார்க்க முடியாது, பாத்தியெல்லாம் வெள்ளையாகக் கூசும். நான் ஜீப் நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். செல்வி உள்ளேயிருந்து கத்தினாள்.

"சுப்ராயா! வண்டிய எடு! வடக்குப் பன்னெண்டு, அமராவதி! பாம்பு கடிச்சிடுச்சாம்!"

கை கழுவவில்லை. வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியாக அவளே மிச்சத்தையும் சொன்னாள். அமராவதி, "அக்கா, கடிச்சிடுச்சி, கண்ணாடி விரியன், சீக்கிரம் வண்டி அனுப்புக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாளாம். செல்வி திருப்பிக் கூப்பிட்டாளாம், மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லையாம். கண்ணாடி விரியன் என்றால் விளையாட்டில்லை. ஒரு மணி நேரம் தாமதமானாலும் ஆள் பிழைப்பது கஷ்டம். வடக்குக் கோடிக்கு வரப்பு ரோட்டில் ஜீப் போகிற போக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அன்றைக்கு நான் பிரேக்கையே தொடவில்லை.

வடக்குப் பன்னிரண்டில் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. கொட்டாய் பார்த்துக்கொள்கிற பெண்களில் ஒருத்தியான ஞானாம்பாள் குந்தி உட்கார்ந்து கருவாடு சுட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க கடிச்சிது? அமராவதி எங்க?" என்று இறங்கி ஓடினேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னாத்த கடிச்சிது? அமராவதி இங்க எதுக்கு வர்றா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கொட்டாயைச் சுற்றி ஓடினேன். கீற்றுக் குவியலுக்குப் பின்னால் பார்த்தேன். அம்பாரத்துக்குப் பின்னால் பார்த்தேன். கம்பத்தில் தாரால் பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறது, ஆனால் அமராவதி இல்லை. ஞானாம்பாளின் போன் அங்கேயே இருந்தது. அதை எடுத்து செல்வியைக் கூப்பிட்டேன்.

"செல்வி, இங்க அமராவதி இல்ல!"

"யாரு பேசறது?"

"நான்தான், சுப்ராயன்."

"நீ எங்க நிக்கிற?"

"வடக்குப் பன்னெண்டுல."

"பொய் சொல்லாத. ஸ்கிரீன்ல ஞானாம்பாள், தெற்கு நாலுன்னு வருது. தெக்கால போய் நின்னுக்கிட்டு வடக்குன்றியா? ஒரு உசுரு போய்க்கிட்டு இருக்குது, நீ குடிச்சிட்டா வண்டி ஓட்டற?"

"கம்பத்துல பன்னெண்டுன்னு எழுதியிருக்குது, என் கண்ணு முன்னாடி! நீ அந்தப் பொட்டியப் பாத்துட்டு என்னைக் குடிகாரன்றியா?"

ஞானாம்பாள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "ஏங்க்கா அந்தாளத் திட்டறீங்க? நான் பொங்கலுக்கப்புறம் வடக்காலதான் இருக்கேன். போனையும் கையோட எடுத்தாந்துட்டேன். என் பேர்ல இருக்கிறதாச்சே, அடுத்தவளுக்கு உட்டுட்டு வருவாங்களா? எல்லாருந்தான் எடுத்தாந்தோம்."

போனை வாங்கி என் காதில் வைத்தேன். செல்வி பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. ஜனவரியிலிருந்து அவள் தினமும் பார்த்துக்கொண்டிருந்த திரையில் ஒரு கொட்டாய்கூட உண்மை இல்லை. அமராவதியைக் கூப்பிட்டால் அமராவதி பேசினாள், ஞானாம்பாளைக் கூப்பிட்டால் ஞானாம்பாள் பேசினாள். அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. எங்கே இருந்து பேசுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. திரையைப் பார்த்து என்னை ஒரு கொட்டாய்க்கு அனுப்புகிற தேவையும் அதுவரை வரவில்லை. பழைய போன் கம்பத்தோடு கிடந்தது. புதுப் போன் ஆளோடு நடந்து போயிருக்கிறது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை.

"அமராவதி இப்ப எங்க இருக்கா?" என்று கடைசியில் கேட்டாள். அது அவள் குரலே இல்லை.

ஞானாம்பாளைக் கேட்டேன். "குலுக்கல்ல அவளுக்குத் தெக்கால உழுந்துச்சி. அப்பறம் யார்கூடவோ மாத்திக்கிட்டான்னாங்க. எங்கன்னு தெரியலயே" என்று கையைப் பிசைந்தாள். இதெல்லாம் தெரிந்த மேஸ்திரி அன்றைக்குப் பார்த்து கிளியனூரில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தார்.

"சுப்ராயா, வண்டிய ஸ்டார்ட்லயே வை. போனை வச்சிட்டு நில்லு" என்றாள் செல்வி.

போனை வைத்தேன். வைத்த மாத்திரத்தில் அது அலறியது. ஞானாம்பாள் சட்டென்று வானத்தைப் பார்த்தாள். ஒரு பஞ்சு மேகம்கூட இல்லை. ஆனால் அடித்தது மழை மணி. தூரத்தில் பாத்திகளில் ஆட்கள் எழுந்து ஓடுவது தெரிந்தது, கீற்றை இழுப்பது தெரிந்தது. பொய் மணியே அடிக்காத செல்வி முதல் தடவையாக அடித்துவிட்டாள். ஞானாம்பாள் போனை எடுத்தாள். செல்வியின் குரல் பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"மழை இல்லடி! யாரும் கீத்தைத் தொடாதீங்க! அமராவதியப் பாம்பு கடிச்சிடுச்சி, அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியல. பக்கத்துல எங்க மணி அடிச்சாலும் ஓடிப்போய் எடுங்க. எந்தக் கொட்டாய்ல ஆள் இல்லாம அடிக்குதோ, அங்க சுத்தித் தேடுங்க!"

எனக்குத் தெரியல என்று அவள் வாயிலிருந்து வந்ததை அன்றைக்குத்தான் உப்பளம் கேட்டது. ஒவ்வொரு கொட்டாயாக ஆட்கள் போனை எடுக்க, ஞானாம்பாளின் போனில் குரல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறின. இங்க இல்லக்கா, இங்க இல்லக்கா என்று எல்லாப் பக்கமும் அதே பதில். பாத்தியில் மரம் மட்டை எதுவும் கிடையாது, சத்தம் தங்கு தடையில்லாமல் போகும். மற்ற மணிகள் அடங்க அடங்க மிச்சமிருந்தது தனியாகக் கேட்டிருக்கிறது. லூர்துமேரி என்ற பெண்ணின் குரல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது.

"அக்கா, கெழக்கு மூணுல நிக்காம அடிக்குதுக்கா! நாங்க ஓடறோம்!"

நான் அப்போதே ஜீப்பில் இருந்தேன்.

கிழக்கு மூன்றுக்குப் போக ஆபீஸ் வரைக்கும் திரும்பி வந்து சுற்றித்தான் போக வேண்டும். ஆபீஸ் வாசலில் செல்வி நடு ரோட்டில் நின்று கையைக் காட்டினாள், ஏறிக்கொண்டாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் அமராவதியைத் தூக்கி ரோட்டோரம் கொண்டுவந்திருந்தார்கள். கீற்று இழுக்கும்போது கணுக்காலில் கடித்திருக்கிறது. போன் பண்ணிவிட்டு ஜீப் வருகிறதா என்று பார்க்க வரப்புக்கு வந்தவள், தலை சுற்றி அம்பாரத்துக்குப் பின்னால் சரிந்திருக்கிறாள். கால் முழங்கால் வரைக்கும் வீங்கியிருந்தது. ஈறில் ரத்தம் தெரிந்தது. கொட்டாய்க்குள் போன் இன்னும் அடித்துக்கொண்டே இருந்தது, அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

மரக்காணத்தில் ஊசி போட்டு, புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கிட்னியைத் தொட்டுவிட்டது, பார்க்கலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். செல்வி வராண்டாவில் ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெபம் சொன்னாளா தெரியாது. "வடக்குப் பன்னெண்டு, வடக்குப் பன்னெண்டு" என்று அவள் உதடு அசைந்த மாதிரி எனக்குப் பட்டது.

மறுநாள் மேனேஜர் ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால் செல்வியே அவர் அறைக்குள் போனாள். ஏசி குளிரில் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஞானாம்பாள், லூர்துமேரி, அமராவதி என்று இருந்த அத்தனை பெயரையும் ஒவ்வொன்றாக அழித்தாள். அந்த இடத்தில் வடக்கு ஒன்று, வடக்கு இரண்டு என்று வெறும் நம்பரைப் போட்டாள். ஆசாரியைக் கூட்டிவந்து கொட்டாய்க்குக் கொட்டாய் போனைக் கம்பத்தோடு ஆணி அடிக்க வைத்தாள். பெண்கள் முணுமுணுத்தார்கள். "பேசாதீங்க. ஒரு உசுரு போவத் தெரிஞ்சிது" என்று ஒரே அதட்டலில் அடக்கினாள். எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. வடக்குப் பன்னிரண்டு என்றால் வடக்குப் பன்னிரண்டாகவே இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

கண்டம் தாண்டிவிட்டது என்று தகவல் வந்தபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து செல்வி புதுச்சேரிக்குக் கிளம்பினாள். நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். வார்டில் அமராவதி மெலிந்து கிடந்தாள், கண் மட்டும் பெரிதாக இருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். செல்வி ஆரஞ்சுப் பையைக் கட்டிலில் வைத்தாள், வைத்த கையோடு ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்டி, அறிவு இருக்குதா ஒனக்கு? போனைத் தூக்கிக்கிட்டா போவாங்க? சரி, தூக்கிக்கிட்டுத்தான் போன, கெழக்கு மூணுல இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? கடிச்சிடுச்சி, வண்டி அனுப்புன்னு வச்சிட்ட. எங்கன்னு நான் ஜோசியம் பாப்பனா?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அமராவதி கோபித்துக்கொள்ளவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

"ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்க்கா. என் பேர்தான் அங்க இருக்குதே. நான் எங்க இருந்தாலும் ஒனக்குத் தெரியும்னுதானே நெனச்சேன்."

செல்வி ஆரஞ்சுப் பையின் முடிச்சை அவிழ்த்தாள்.

"போனை எப்படிக்கா உட்டுட்டு வர்றது? ரேஷன் கார்டு அவரு பேர்ல. மனை மாமியா பேர்ல. சைக்கிள்கூட கொழுந்தனோடது, எப்ப வேணா வாங்கிக்குவான். இது ஒண்ணுதானே என் பேர்ல இருக்குது." சிரிக்கப் பார்த்தாள். "இங்க எல்லாரும் என்னை எட்டாம் நம்பர் பெட்டுன்னுதான் கூப்பிடறாங்க. எட்டாம் நம்பர், மாத்திரை போட்டியா. எட்டாம் நம்பர், ஒன் ஆளு எங்க. போவட்டும்னு இருந்துட்டேன். மரக்காணத்துல கம்ப்யூட்டர்ல என் பேரு இருக்குது, செல்விக்கா வச்சிருக்கான்னு நர்சம்மாகிட்ட சொன்னேன். இருக்குதில்லக்கா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். செல்வி என்ன சொல்வாள் என்று கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது. பழம் உரிக்கிற வாசனை வந்தது. பிறகு "ஆரஞ்சு சாப்பிடு" என்றாள்.

திரும்பி வரும்போது இ.சி.ஆர். ரோட்டில் ஒரு லாரிக்காரன் குறுக்கே வந்தான், அவனைக்கூட செல்வி திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் ஆபீசைத் திறக்கச் சொன்னாள். மேனேஜர் அறைச் சாவியை வாட்ச்மேனிடம் வாங்கினாள். உள்ளே போய் பிரிட்டோவைப் போனில் பிடித்தாள்.

"டேய் பிரிட்டோ, ஆளு தனியா இருக்கணும். எடம் தனியா இருக்கணும். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுத்தான் நாசமாப் போனோம். எடத்தை மட்டும் நானே மாத்தற மாதிரி பண்ணிக் குடு. நாளைக்கு இல்ல, இப்ப!"

அவன் அங்கிருந்தே ஏதோ செய்தான், இவள் இங்கே உட்கார்ந்து அவன் சொல்லச் சொல்ல அழுத்தினாள். பிறகு பெயர்களைத் திரும்பப் போட ஆரம்பித்தாள். ஒரு பெயரைப் போடுவாள், அந்தப் பெண்ணைக் கூப்பிடுவாள். "எங்கடி நிக்கிற? சரியாச் சொல்லு" என்பாள். ஆள் பாத்தியில் இல்லையென்றால் பக்கத்துக் கொட்டாய்க்காரியைக் கேட்டுத் தெரிந்துகொள்வாள். இனிமேல் குலுக்கல் முடிந்தால் முதல் வேலையாகத் தனக்குப் போன் பண்ணி இடத்தைச் சொல்ல வேண்டும், சொல்லாதவளுக்கு இருக்கிறது என்று எல்லாரிடமும் மிரட்டினாள். என்னைப் பார்த்து, "நாளைக்கு ஆசாரியக் கூட்டிக்கிட்டுப் போய் அந்த ஆணியெல்லாம் புடுங்கிடு" என்றாள்.

கடைசியாக அமராவதியின் பெயரை அடித்தாள். இடம் என்ற கட்டத்தில் விரல் நின்றது. கிழக்கு மூன்று என்று போடுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். புதுச்சேரி, பெரிய ஆஸ்பத்திரி, எட்டாம் நம்பர் பெட்.

"அங்கதான் போனே இல்லியே செல்வி. அங்கருந்து எப்படிக் கூப்பிடுவா?" என்றேன்.

"அவ கூப்பிட வேணாம்" என்றாள். கண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்னு நம்பிட்டாப்பா. இனிமேயாவது தெரியணும்."